புற்றடியில் மூன்றாவது தரிப்பு

எங்கள் ஊருக்குக் கிரிக்கெட் மட்டை வந்து சேர்வதற்கு முன்பே எல்லே கழி வந்துவிட்டது. கள்ளக்குறிச்சிச் சீமையில் இப்படிப் பெருமை பேச எங்களை விட்டால் ஆள் இருக்காது என்பது என் கணிப்பு. அப்போது நாங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டமும் இல்லை. நான் பிறந்தபோது தென்னாற்காடு, ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போது 1993இல் விழுப்புரம், பிள்ளை குட்டி பெற்றபிறகு 2019இல்தான் கள்ளக்குறிச்சி. வீடு என்னவோ அதே இடத்தில், அதே புளியமரத்துக்கு எதிரில்தான் இருக்கிறது.

எல்லேயைக் கொண்டுவந்தவர்கள் முகாம் பிள்ளைகள். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டுக் கிளம்பியது. ஜூனில் மறுபடியும் சண்டை மூண்டது. படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, அங்கிருந்து பேருந்துகளில் ஏற்றி மாவட்டம் மாவட்டமாக அனுப்பினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம்மூர்க்காரர்களுக்கு நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்டது அந்த மண்டபம் முகாம். போகிறவர்களுக்காகக் கட்டியது, வருகிறவர்களுக்கு ஆயிற்று. அப்படி வந்த ஒரு கூட்டம் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கில் இறங்கியது. அவர்கள் வந்த நாள் எனக்கு நினைவில்லை, அவ்வளவு சின்னப் பையன். எனக்கு நினைவு தொடங்குவதே மூன்று நான்கு வருடம் கழித்து, மரவள்ளிக் காட்டில்தான்.

சின்னசேலம் வட்டாரத்தில் அப்போது பார்க்கும் இடமெல்லாம் மரவள்ளி. தை, மாசியில் கிழங்கு பிடுங்குவார்கள். பிடுங்கிய கிழங்கு லாரியில் ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். காற்று திரும்பினால் ஆலையிலிருந்து மாவு புளிக்கிற வாடை ஊருக்குள் வந்து சோற்றுத் தட்டு வரை உட்கார்ந்துகொள்ளும். கிழங்கு பிடுங்க ஊரில் ஆள் போதாது. முகாமிலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களில் ஓர் அம்மாவோடு சனி, ஞாயிறுகளில் அவருடைய மகனும் மகளும் வந்தார்கள். மகனுக்கு மீசை அரும்பியிருந்தது. மகள் ஒன்றிரண்டு வயது சின்னவள். திருகோணமலைக்காரர்கள். நாங்கள் அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கிழங்கை வெட்டியதும் மரவள்ளிக் குச்சியைக் கட்டுக் கட்டாக நிழலில் சாய்த்து வைப்போம். அடுத்த வெள்ளாமைக்கு அதுதான் விதை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் அந்தக் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி, கிழங்குத் துண்டு ஒன்றை மேலே போட்டு ஓங்கி அடித்தான். கிழங்கு வரப்பைத் தாண்டிப் போனது. குச்சி இரண்டாக முறிந்து, ஒரு பாதி எங்கள் சித்தப்பாவின் கஞ்சிக் குண்டானுக்குப் பக்கத்தில் விழுந்தது. விதைக் குச்சியை முறித்ததற்குச் சித்தப்பா கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அண்ணன் அசரவில்லை. "இது சரிவராது. மூங்கில் வேணும்" என்றான், அவரிடமே.

மூங்கில் பிறகு வந்தது. முதலில் விளையாட்டு வந்தது. கிழங்கு பிடுங்கி வெறுமையான இரண்டு ஏக்கர் செம்மண்ணில், தோட்டத்து வேலியில் உருவிய ஏதோ ஒரு கழியை வைத்துக்கொண்டு அண்ணன் எங்களுக்கு எல்லே சொல்லிக்கொடுத்தான். அவர்கள் ஊரில் சித்திரை மாதம் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒன்றாகவே வருடம் பிறக்குமாம். அப்போது மைதானத்தில் வழுக்குமரம், கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, எல்லே எல்லாம் உண்டாம். பள்ளிக்கூடங்களிலும் ஆடுவார்களாம். இரண்டாயிரம் வருடத்து விளையாட்டு என்று சிங்கள வாத்தியார் ஒருவர் சொன்னதாக அண்ணன் சொன்னான். இரண்டாயிரம் வருடத்துக்கு யார் சாட்சி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அது அன்றைக்குத்தான் பிறந்தது.

"விளங்குதோ? மூண்டு தரம் தருவன். அடிச்சுப்போட்டு ஓட வேணும். பந்தை ஆரும் பிடிச்சிட்டால் நீ அவுட். ஓடேக்க பந்தால உனக்கு அடிச்சாலும் அவுட். தரிப்பில நிண்டால் ஒண்டும் செய்யேலாது. முழுச் சுத்தும் சுத்தி வந்தால் ஒரு ஓட்டம்."

இவ்வளவுதான் சட்டம். அடித்துவிட்டு வட்டமாக ஓடவேண்டும், வழியில் மூன்று தரிப்புகள், நாலாவதாக வீடு. பேஸ்பால் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. பேஸ்பாலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனைத் தொடுவார்கள், அல்லது அவன் வருமுன் தளத்துக்காரனிடம் சேர்ப்பார்கள். எல்லேயில் நேராக முதுகில் ஒரு எறி. பிள்ளையார் பந்து ஆடிப் பழகிய எங்களுக்கு இந்த ஒரு சட்டம் போதும், மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொண்டது. முதுகில் பந்தடி வாங்காத வளர்ப்பு எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

முதல் தரிப்பு ஆவாரஞ்செடி. இரண்டாவது மோட்டார் கொட்டகையின் சுவர். மூன்றாவதுதான் வம்பு. அளந்து பார்த்தால் அது சரியாகக் கரையான் புற்றின் மேல் விழுந்தது. ஆடி வெள்ளியில் மஞ்சள் பூசி முட்டை வைத்துப் பால் ஊற்றுகிற புற்று. பாட்டி களத்திலிருந்து பார்த்துவிட்டு, "நாகாத்தாள எவன்டா மிதிக்கிறவன்!" என்று வேப்பங்கொப்போடு வந்தாள். அண்ணன் கும்பிட்டான். கிறிஸ்தவப் பையன், ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மம்மா, மிதிக்க மாட்டம், பக்கத்தில நிண்டு தொடுவம்" என்றான். அம்மம்மா என்று அவளை அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. அன்றையிலிருந்து சட்டம் திருத்தப்பட்டது: மூன்றாவது தரிப்பில் புற்றை மிதிக்கக்கூடாது, ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றிக்கொள்ளாமல் ஓடினால் அவுட். இலங்கை எல்லேயில் இல்லாத இந்த விதியைச் சேர்த்த புண்ணியம் எங்கள் பாட்டிக்கு.

பந்துக்கு வழியில்லை. டென்னிஸ் பந்து கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் கிடைக்கும், விலைக்கு. பழைய சைக்கிள் டியூப்பை வளையம் வளையமாக அறுத்து, கசக்கிய காகித உருண்டையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டே போனால் பந்தாகிவிடும். நல்ல கனம் இருக்கும். மண்ணில் எழும்பும். முதுகில் பட்டால் ராத்திரி குப்புறத்தான் படுக்க முடியும். எறிவதில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி அக்காதான். இரண்டாம் தரிப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவனைக் குறி தப்பாமல் இடுப்புக்கு மேலே அடிப்பாள். அவள் வீசும்போது தோள் மட்டும்தான் அசையும், கால் நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண் பாவாடை தாவணியோடு ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் பந்து எறிவதைப் பார்த்து முதலில் பேசினார்கள். அப்புறம் முகாம் பிள்ளைதானே என்று விட்டுவிட்டார்கள். அந்த 'தானே'யில் இளக்காரம் இருந்ததை நான் வளர்ந்துதான் புரிந்துகொண்டேன். ஆனால் அதனால் ஒரு நன்மை நடந்தது: அக்காவைக் காட்டி என் பெரியப்பா மகள்கள் இருவர் ஆட வந்தார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை.

கழிக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம்.

எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே மலை நீலமாகத் தெரியும். தாத்தாவுக்கு அங்கே ஒரு சிநேகிதர், மலையாளிப் பழங்குடிக் கவுண்டர். கடுக்காயும் புளியும் சாமையும் கொண்டுவந்து வாரச்சந்தையில் போட்டுவிட்டு, இரவு எங்கள் திண்ணையில் படுத்துக் காலையில் போவார். தாத்தா அவரிடம் மூங்கில் கேட்டார். வெட்டிக் கொண்டுவந்தால் வனத்துறைக்காரன் கீழே பிடிப்பான், என் பட்டாவில் நாலு குத்து நிற்கிறது, நீங்களே வந்து ஒன்று எடுத்துப்போங்கள், கைத்தடி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவர். தேய்பிறையில் வாருங்கள் என்றும் சொன்னார். வளர்பிறையில் வெட்டிய மூங்கில் உளுத்துப்போகுமாம்.

தாத்தா, அண்ணன், நான். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. முழுக் கொள்ளளவு 46 அடி. நான் பார்த்த நீர்களிலேயே பெரியது அது. அண்ணனுக்குக் காட்டினேன். "உதுவோ?" என்றான். "எங்கட கந்தளாய்க் குளத்தை நீ பாக்கவேணும்." எனக்குக் கோபம் வந்தது. கடல் பார்த்தவனிடம், அதுவும் திருகோணமலைத் துறைமுகம் பார்த்தவனிடம் அணையைக் காட்டக்கூடாது என்கிற புத்தி அந்த வயதில் எங்கே! அதற்குமேல் பஸ் வளைவுகளில் ஏறியது, எனக்கு வாந்தி வந்தது, அண்ணன் என் தலையைச் சன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டான். வெள்ளிமலையில் இறங்கியபோது காற்று வேறாக இருந்தது.

கவுண்டர் தாத்தா கல்மூங்கிலாகப் பார்த்து வெட்டினார். மற்ற மூங்கில் உள்ளே குழல், கல்மூங்கில் கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். சிலம்பக்காரர்கள் தேடுவதும் அதைத்தான். ஒரு பாகம் நீளத்துக்கு நறுக்கி, கணுக்களைச் சீவி, தீயில் வாட்டி, வளைவை முழங்காலில் வைத்து நிமிர்த்தி, வேப்பெண்ணெய் தடவித் தந்தார். அதற்குள் ஐந்தாறு மலைப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆடிப் பார்க்காமல் எப்படிக் கிளம்புவது? அறுத்த சாமைக்காடு, சரிவாக இறங்குகிற நிலம். அண்ணன் சட்டத்தைச் சொன்னான். அவன் பேச்சு அவர்களுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது, அவர்கள் பேச்சும் அவனுக்கு அப்படியே. ஆனால் ஓடு, பிடி, எறி எல்லாருக்கும் புரியும்.

முதல் அடி கீழ்ப்பக்கம் போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வருவதற்குள் அண்ணன் நான்கு சுற்று வந்து உட்கார்ந்துவிட்டான். மலைப் பிள்ளைகள் கூடிப் பேசிப் புதுச் சட்டம் போட்டார்கள்: கீழே அடித்தால் அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். அதன்பிறகு எல்லாரும் மேட்டைப் பார்த்தே அடித்தார்கள், பந்து அடித்தவன் காலடிக்கே உருண்டு வந்தது. அவர்களுடைய கால்கள் அந்தச் சரிவில் ஆடுமாதிரி போயின. நாங்கள் தோற்றோம். இருட்டுவதற்குள் அண்ணன் முகாமில் இருக்க வேண்டும், கணக்கெடுக்க வருவார்கள் என்று தாத்தா அவசரப்படுத்தினார். கடைசி அடியில் டியூப் பந்து பள்ளத்துக்குள் போயே போய்விட்டது.

அந்த மலையைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று ஜாகீர்களாக இருந்து 1976இல்தான் அரசின் கைக்கு வந்தது என்பதும், மலை மக்களுக்கு ஓட்டுரிமை 1996இல்தான் கிடைத்தது என்பதும் 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் பேசப்பட்டபோது செய்தித்தாளில் படித்தேன். அப்படியானால் கழி வெட்டிக் கொடுத்தவருக்கும் அன்றைக்கு ஓட்டு இல்லை, கழி பிடித்தவனுக்கும் இல்லை. எங்கள் தாத்தா ஒருவர்தான் அந்தக் கூட்டத்தில் வாக்காளர். அவர் ஆடவே இல்லை, கடுக்காய் விலை பேசிக்கொண்டிருந்தார்.

கல்மூங்கில் வந்தபிறகு எல்லே எங்கள் ஊர் விளையாட்டாகிவிட்டது. கிழங்குக் காடு கிடைக்காத மாதங்களில் ஏரிக்குள் ஆடினோம். எங்கள் ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்கள் குறைவு, அதனால் மைதானத்துக்குக் குறைவில்லை. பத்துப் பேர் வந்தாலும் ஆடலாம், முப்பது பேர் வந்தாலும் ஆடலாம். இதைச் சொல்லியே ஆகவேண்டும்: கிரிக்கெட்டில் சொந்த மட்டை வைத்திருப்பவன் ராஜா, அவன் அவுட்டானால் ஆட்டமே முடிந்தது, மற்றவன் நாள் முழுக்க வெயிலில் நின்று ஒரு பந்தைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போவான். எல்லேயில் அடித்தவன் ஓடுகிறான், தரிப்பில் நிற்கிறவனும் ஓடுகிறான், எறிகிறவர்கள் துரத்துகிறார்கள், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குகிறது. எங்கள் மண்ணுக்கும் எங்கள் காசுக்கும் ஏற்ற விளையாட்டு அதுதான் என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

அதை ஒழித்தது இலங்கை கிரிக்கெட் அணி.

1996 மார்ச் 13, உலகக் கோப்பை அரையிறுதி, கல்கத்தா. பஞ்சாயத்து டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது, முகாமிலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் பின்னால் வந்து நின்றார்கள். முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் பந்தில் கலுவித்தாரணாவும் ஜெயசூர்யாவும் போய்விட்டார்கள். டிவி பெட்டி விழுந்துவிடும் அளவுக்குக் கூச்சல். அப்புறம் அரவிந்த டி சில்வா ஆட வந்தார், கூச்சல் அடங்கியது. 251 ரன். நம் பக்கம் சச்சின் இருக்கும்வரை கவலை இல்லை. அணி 98இல் இருக்கும்போது அவர் ஸ்டம்பிங் ஆனார், அங்கிருந்து 120க்கு 8 விக்கெட். ஈடன் தோட்டத்தில் பாட்டில் பறந்தது, காலரியில் தீ எரிந்தது, ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார். காம்ப்ளி அழுதுகொண்டே வந்தார். எங்கள் ஊரிலும் இரண்டு மூன்று பேர் அழுதார்கள். யாரோ ஒருவர் திரும்பி முகாம்காரர்களைப் பார்த்து, "உங்களுக்கு சந்தோஷம்தானடா?" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. சந்தோஷமா இல்லையா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு அன்றும் முடியவில்லை. அவர்கள் ஊரை விட்டு வரக் காரணமான அரசின் கொடிதான் அந்தச் சட்டையில் இருந்தது. அதே சட்டைக்குள் கண்டித் தமிழன் முரளிதரனும் இருந்தார். நான்கு நாள் கழித்து லாகூர் இறுதியாட்டத்துக்கும் அவர்கள் வந்தார்கள். அரவிந்த 107 அடித்து ஆஸ்திரேலியாவை முடித்தபோது பின்வரிசையில் ஒரு விசில் கேட்டது. விசிலடித்தது அக்கா.

அடுத்த வாரமே ஆரம்பித்துவிட்டது. முதல் பதினைந்து ஓவரில் ஜெயசூர்யா அடித்த அடியைப் பார்த்த எந்தப் பையன் வட்டமாக ஓடி ஓட்டம் சேர்ப்பான்? என் சித்தப்பா மகன் சேலத்திலிருந்து மட்டை வாங்கிவந்தான். முகாம் பையன்கள்தான் முதலில் அந்தப் பக்கம் போனார்கள்; திடீரென்று அவர்களுக்கு ஊரில் மவுசு, ஜெயசூர்யா எப்படிப் பிடிப்பான், முரளி எப்படிச் சுழற்றுவான் என்று எல்லாரும் அவர்களிடம் கேட்டார்கள், பாதி அவர்களாகவே கட்டிச் சொன்னார்கள். என் பெரியப்பா மகள்கள் ஆட்டத்துக்கு வருவது நின்றது. கிரிக்கெட்டுக்குப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. அக்கா ஒருமுறை வந்து பந்து வீசினாள், எறிகிறாள் என்று சண்டை பிடித்தார்கள். எறிவதில் கெட்டிக்காரியான அவளுக்கு அது குற்றமாகிவிட்டது. அவள் மறுபடி வரவில்லை. கல்மூங்கில் கழியைப் பாட்டி முருங்கைக்காய் பறிக்க எடுத்துக்கொண்டாள்.

பேஸ்பாலை முதன்முதலில் நான் பார்த்தது கல்லூரி விடுதி டிவியில். உடன் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் சானலை மாற்றச் சொன்னார்கள், நான் மட்டும் விடவில்லை. 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டியெறி பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் பந்து வீசும் போட்டியில் தேறி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இரண்டாம் தரிப்பிலிருந்து வரும் அக்காவின் எறிதான். இலங்கையிலும் பேஸ்பால் வேரூன்றியிருக்கிறது. கொழும்பை அடுத்த தியகமவில் ஜப்பான் உதவியோடு அதற்கென்று மைதானம் கட்டி 2012இல் திறந்தார்கள். ஜப்பானுக்கே அது வந்த விளையாட்டுதான். 1872 வாக்கில் தோக்கியோவில் பாடம் நடத்திய ஹோரேஸ் வில்சன் என்ற அமெரிக்க வாத்தியார் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு தீவுக்கு வாத்தியார் கொண்டுபோனார், அந்தத் தீவு இன்னொரு தீவுக்கு மைதானம் கொடுத்தது. இதையெல்லாம் படிக்கிறபோது எல்லே ஆடிய கைகளுக்குப் பேஸ்பால் மட்டை புதிதாகத் தோன்றியிருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அண்ணன் போர் முடிந்தபின் திருகோணமலைக்கே திரும்பிவிட்டான். அக்கா கனடாவில். போன சித்திரையில் அண்ணனோடு போனில் பேசினேன். எனக்குள் இத்தனை வருடமாக ஊறிய எல்லேப் புராணத்தை அவனிடம் கொட்டினேன். கல்மூங்கில், புற்று, சாமைக்காடு, கிரிக்கெட் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது எல்லாம். பொறுமையாகக் கேட்டான்.

"தம்பி, உனக்கு ஒண்டு சொல்லட்டே? எனக்கு எல்லே அவ்வளவாப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில நான் கிரிக்கெட்தான் விளையாடினனான். உங்கட ஊரில மட்டை வாங்கக் காசில்லை, அதுதான்."

நான் பேச்சில்லாமல் நின்றேன். பிறகு அவனே கேட்டான்: "அம்மம்மாட புற்று இப்பவும் இருக்கோ?" இருக்கிறது, சுற்றி மேடை கட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப வலு சுகம், வழுக்கிக்கொண்டே வந்து தொடலாம்" என்றான்.